பியூஸ் எங்கே போடவேண்டும்?

கேள்வி: மாங்குளத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மாரி தொடங்கினால் கறண்ட் அடிக்கடி நிற்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் ஈய அமிலப் பற்றரி, 1000 வாட் இன்வெர்ட்டர், 10 ஆம்பியர் சார்ஜர் எல்லாம் வாங்கிவிட்டேன். இன்வெர்ட்டர், சார்ஜர் இரண்டையும் ஒரே பற்றரியில் கொடுக்கலாமா? வீட்டு வயரிங்கில் மிஞ்சின வயர் போதும் என்கிறார் மச்சான்.

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் மச்சானின் வயர் வேண்டாம். 1000 வாட்டை 12 ஆல் பிரித்தால் 83 ஆம்பியர், இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 100 ஐத் தொடும். பிளக் பொயின்றுக்கு இழுக்கிற 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் அதில் கால்வாசிக்கு மேல் தாங்காது, உறை உருகிவிடும். 35 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் எடுங்கள், ஒன்றரை மீற்றருக்கு மேல் போகவேண்டாம்.

அப்புறம் பியூஸ். இன்வெர்ட்டருக்குள் பியூஸ் இருக்குத்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இன்வெர்ட்டருக்கு மட்டும்தான். நடுவில் வயர் உரசியோ எலி கடித்தோ சோர்ட் ஆனால், பற்றரி ஆயிரம் ஆம்பியரையும் தாண்டித் தள்ளும், தடுக்க அங்கே ஒன்றுமில்லை. ஆகவே டிசிக்கு, அதாவது பற்றரி தருகிற ஒரே திசைக் கறண்டுக்கு, செய்த 125 ஆம்பியர் பியூஸ் ஒன்றை பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் போடுங்கள். சார்ஜருக்குத் தனி வயர், தனியாக 15 ஆம்பியர் பியூஸ். அதுவும் பற்றரிப் பக்கத்தில்தான், ஏனென்றால் வயரை எரிக்கிற பலம் சார்ஜரிடம் இல்லை, பற்றரியிடம்தான் இருக்கிறது. வீட்டு ட்ரிப் சுவிட்சை இதற்குப் போடவேண்டாம், டிசியில் எழும்பும் பொறி லேசில் அணையாது.

சார்ஜரின் பிளக்கை இன்வெர்ட்டரில் குத்தாதீர்கள். சிரிக்கவேண்டாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பற்றரி தன்னைத்தானே சார்ஜ் பண்ணப் பார்த்து இறங்கிவிடும்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வெர்ட்டர் கறண்டைச் சுவர் பொயின்றுக்குள் விடுவதை மட்டும் கனவிலும் நினைக்கக்கூடாது. மெயின் சுவிட்சை மறந்தால் கம்பத்தில் ஏறி நிற்பவரின் உயிர் போகலாம், லைன் திரும்ப வந்தால் உங்கள் இன்வெர்ட்டர் புகையும். லைட்டையும் ஃபேனையும் நேரே இன்வெர்ட்டரில் கொடுங்கள், முழுக் கடைக்கும் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லைன், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் உள்ளே விடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

பற்றரியை சாமிவிளக்குக்குக் கிட்ட வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பூட்டும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, வயர் நுனிகளைப் பூட்டுகிற உலோகத் துண்டுகளான லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அது இறுகவில்லை, கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப இறுக்குங்கள்.