தளபதி தேதி சொல்கிறாரா? வாசகர் கேள்விகள், பாளையங்கோட்டை வாத்தியார் பதில்கள்

போன இதழில் வங்கதேச ராணுவத் தளபதி பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் வங்கதேசத்தில் மருத்துவம் படிக்கிறாள். 2024 ஜூலை கலவரத்தில் ஊருக்கு வந்துவிட்டு அப்புறம் திரும்பிப் போனாள். பிரதமர் நாட்டை விட்டுப் போன அன்று டிவியில் பேசிய தளபதியைக் கூடப் படிக்கிற பிள்ளைகள் பெரிதாகப் புகழ்கிறார்களாம். அப்படி அவர் என்ன செய்தார்?
— ஒரு வாசகி, பெருமாள்புரம்

பதில்: அம்மா, அவர் சுடச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜெனரல் வாக்கர் உஸ் ஸமான் தளபதியானது 2024 ஜூன் 23 அன்று. மனைவி வழியில் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனாவுக்குச் சொந்தம். சொந்தக்காரரைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆகஸ்ட் 4 ஒரே நாளில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அன்று இரவு தளபதிகள் கூடிப் பேசி, ஊரடங்கைக் காக்கப் பொதுமக்கள் மேல் துப்பாக்கி நீட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் கூட்டம் டாக்காவுக்குள் வந்தது, ஹசீனா விமானமேறி டெல்லி பக்கத்தில் ஹிண்டன் தளத்தில் இறங்கினார். மதியம் தளபதி சீருடையோடு டிவியில் வந்து, இடைக்கால அரசு அமையும், பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. அந்த நாட்டுக் கதை அப்படி. ஜியாவுர் ரஹ்மான் 1975இல் தளபதி, 1977இல் ஜனாதிபதி. இன்னொரு தளபதி எர்ஷாத் 1982 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்து 1990 வரை இறங்கவில்லை. அதே எர்ஷாதுக்கு எதிராக ஜனங்கள் எழுந்தபோது, அப்போதைய தளபதி நூருதீன் கான் கைவிட்டதால்தான் அவர் டிசம்பர் 6 அன்று பதவி விலகினார். தலைமை நீதிபதி பொறுப்பேற்றார், 1991 பிப்ரவரி 27 அன்று தேர்தல் முடிந்துவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை! 2007இல் வந்த தளபதி மொயீன் அகமது வேறு தினுசு. முன்னால் காபந்து அரசு, பின்னால் அவர். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நெருக்கடி நிலை, முன்னாள் பிரதமர்கள் ஹசீனாவும் காலிதா ஜியாவும் சிறையில். ஆனால் எட்டு கோடி பேருக்குப் புகைப்பட வாக்காளர் பட்டியல் தயாரித்து, 2008 டிசம்பர் 29 அன்று தேர்தலும் நடந்தது.

இந்த முறை மாணவர்கள் உஷாராக இருந்தார்கள். ராணுவ அரசை ஏற்க மாட்டோம், நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் முகமது யூனுஸ் வரட்டும் என்றார்கள். ஆகஸ்ட் 8 அன்று அவர் பதவியேற்றார். தளபதி தன் அலுவலகத்துக்குத் திரும்பினார். அடுத்த மாதமே, பதினெட்டு மாதத்துக்குள் ஜனநாயகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேட்டி கொடுத்தார். 2025 மே மாதம் அதிகாரிகள் கூட்டத்தில் டிசம்பருக்குள் தேர்தல் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். கடைசியில் 2026 பிப்ரவரி 12 என்று அறிவிப்பு வந்தது. அவர் சொன்ன பதினெட்டு மாதக் கணக்குக்குள் வருகிற நாள்தான் அது.

எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு வரி பிரித்தவர் எட்டாம் கொடை முடிவதற்குள் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊர் கூடிக் கேட்கும். தளபதியிடமும் நான் பார்ப்பது அதைத்தான். என்றைக்கு ஒப்படைப்பீர்கள், கேட்கிற ஊர் கூடியிருக்கிறதா? சிப்பாய்களுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்துத் தெருவில் நிறுத்தியதும், அதைத் தவணை தவணையாக நீட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நம் திருநெல்வேலிச் சீமையில் தளபதி ஒருவர் ஆட்சியைப் பிடித்த கதை உண்டா?
— கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

பதில்: உண்டு தம்பி. கான் சாகிபு என்கிற மருதநாயகம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கமாண்டன்ட். 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி வசூல் அவர் கையில். படையும் வரியும் ஒரே கையில் சேர்ந்த பிறகு ஆற்காடு நவாபுக்கு அடங்குவானேன் என்று 1763இல் தனிக்கொடி ஏற்றினார். மதுரைக் கோட்டை முற்றுகையில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் சிப்பாய் யாரிடமோ வரி அவரிடம். மக்களிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் கேள்வியில் இருக்கிற ‘ஆட்சி’ என்ற சொல் அன்றைக்கு அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் தாத்தா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். “நெ வின் முதல் தடவை தங்கமான ஆள், இரண்டாம் தடவை வேறு ஆள்” என்பார். ஒரே மனிதர் எப்படி மாறினார் ஐயா?
— வாசகர், வீரவநல்லூர்

பதில்: உங்கள் தாத்தா சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். பர்மா ராணுவத் தளபதி நெ வின் முதல் தடவை ஆட்சிக்கு வந்தது 1958 அக்டோபரில். ஆளுங்கட்சி இரண்டாக உடைந்து, பிரதமர் ஊ நு தாமே நெ வின்னைக் கூப்பிட்டு காபந்து அரசை ஒப்படைத்தார். ரங்கூன் தெருக்களில் குப்பை அள்ளினார்கள். விலைவாசியை இறுக்கிப் பிடித்தார்கள். குடிசைவாசிகளை வடக்கு ஒக்கலப்பா, தெற்கு ஒக்கலப்பா என்று புது ஊர்கள் அமைத்துக் குடியேற்றினார்கள். 1960 பிப்ரவரித் தேர்தலில் ராணுவத்துக்குப் பிடித்த அணி தோற்று ஊ நு ஜெயித்தார். ஏப்ரலில் நெ வின் ஒப்படைத்துவிட்டுப் போனார். உலகமே மெச்சியது.

ஒரு சட்ட விவரத்தை யாரும் சொல்வதில்லை. பர்மாவின் அன்றைய அரசியல் சட்டப்படி, நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்க முடியாது. நெ வின் நீடிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித் தர வேண்டும். திருத்தித் தந்தது. அதாவது, அந்தப் பதினெட்டு மாதமும் கேள்வி கேட்க ஒரு சபை இருந்தது.

அதே பதினெட்டு மாதத்தில் இன்னொன்றும் வளர்ந்தது. ராணுவத்தின் வியாபார நிறுவனம் கப்பல், வங்கி, பெரிய கடை என்று கையை நீட்டியது. அதிகாரிகளுக்கு நிர்வாகம் பழகிவிட்டது.

1962 மார்ச் 2 விடியலில் யாரும் கூப்பிடவில்லை, தாமே வந்தார். ஊ நு கைது. நாட்டின் முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக் கைது. அவர் வீட்டில் பதினேழு வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான், தந்தை அந்த நவம்பரில் சிறையில் இறந்தார். நாடாளுமன்றத்தைக் கலைத்தாயிற்று. ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1964இல் கடைகள் அரசுடைமை, மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது. மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறிய காலம் அது. உங்கள் தாத்தாவும் அதில் ஒருவர்.

ஆகவே நெ வின் மாறினார் என்று நான் நினைக்கவில்லை. அவரை நிறுத்திவைத்த சபை இல்லாமல் போனது. 1988 ஜூலையில் கட்சித் தலைமையை விட்டு விலகியபோதுகூட, ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, குறிபார்த்துத்தான் சுடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். அடுத்து வந்தவர்கள் 1990இல் தேர்தல் வைத்தார்கள், ஆங் சான் சூச்சியின் கட்சி ஜெயித்தது, ஆட்சியைக் கொடுக்கவில்லை. 2008 அரசியல் சட்டத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு என்று எழுதிக்கொண்டார்கள். சட்டத்தைத் திருத்த முக்கால்வாசிக்கு மேல் ஓட்டு வேண்டும், ஆக ராணுவம் சம்மதிக்காமல் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த தளபதி மின் ஆங் ஹ்லைங்குக்கு அந்த ஜூலையில் 65 வயது முடிந்து ஓய்வு பெற வேண்டியிருந்தது. அதை மறந்துவிட்டு அந்தக் கவிழ்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: 2011இல் குவைத்தில் என்னோடு வேலை பார்த்த எகிப்தியர்கள் “ராணுவமும் மக்களும் ஒரே கை” என்று கோஷம் போட்டு எங்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தச் சந்தோஷம் எங்கே போனது?
— வாசகர், கடையநல்லூர்

பதில்: பாய், அந்தக் கோஷம் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2011 பிப்ரவரி 11 அன்று ஜனாதிபதி முபாரக் பதவியை விட்டுப் போனார். மார்ஷல் தன்தாவி தலைமையில் ராணுவ உயர் சபை வந்து, ஆறு மாதம் அல்லது தேர்தல் முடியும் வரை என்றது. அந்த ‘அல்லது’ பதினாறு மாதத்துக்கு இழுத்தது. அதற்குள் ராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்ட சாதாரண ஜனங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். 2012 ஜூனில் ஜனாதிபதித் தேர்தல் ஓட்டு எண்ணும் நேரத்தில், சட்டமியற்றும் அதிகாரம் இனி எங்களுக்கே என்று ராணுவ சபை அறிவித்தது. ஆகஸ்டில் புதிய ஜனாதிபதி மோர்சி தன்தாவியை வீட்டுக்கு அனுப்பி சிசியைத் தளபதியாக்கினார். 2013 ஜூலை 3 அன்று சிசி மோர்சியையே இறக்கினார். மறு வருஷம் அவரே ஜனாதிபதி.

துனீசியாவிலும் அதே வருஷம் ஜனவரியில் ஜனாதிபதி பென் அலி ஓடினார். அங்கே தளபதி ரஷீத் அம்மார் நாற்காலி பக்கம் போகவில்லை, 2013இல் ஓய்வு பெற்றார். அவருடைய ராணுவம் சின்னது, பாதுகாக்க வேண்டிய சொத்து அதனிடம் இல்லை. எகிப்து ராணுவமோ மக்ரோனி, தண்ணீர் பாட்டில், சிமெண்ட் வரைக்கும் தயாரிக்கிறது. இவ்வளவு தொழிற்சாலையை வைத்திருப்பவர் எந்த அரசு வந்தாலும் கணக்குக் காட்டத் தயங்குவார்.

கேள்வி: ஒழுங்காக முடித்துக் கொடுத்த தளபதி ஒருவர்கூட இல்லையா?
— ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: பிலிப்பைன்ஸின் ஃபிடல் ராமோஸ். 1986 பிப்ரவரியில் அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் பாடத்தை ஓரமாக வைத்து அதையே பேசினேன். ராமோஸ் அன்றைய ஜனாதிபதி மார்க்கோஸுக்குச் சொந்தக்காரர், 1972 ராணுவச் சட்டக் காலத்தில் போலீஸ் படைக்குத் தலைவர். கைதுகளில் அவருக்குப் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயோடு சேர்ந்து மார்க்கோஸை விட்டு விலகினார். கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் சின் ரேடியோ வெரிடாஸில் கூப்பிட, மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கில் ஜனங்கள் டாங்கிகளுக்கு முன்னால் நின்றார்கள். மூன்று நாளில் மார்க்கோஸ் ஓடினார்.

நான் அவரை மதிப்பது அதற்குப் பிறகு செய்ததற்காக. மார்க்கோஸுக்குப் பிறகு ஜனாதிபதியான கோரி அக்கினோவின் ஆட்சியைக் கவிழ்க்க 1987லும் 1989லும் ராணுவத்துக்குள்ளிருந்தே கிளம்பினார்கள். கூட நின்று அதை முறியடித்தவர் ராமோஸ். சீருடையைக் கழற்றிவிட்டு 1992 தேர்தலில் நின்றார், நாலில் ஒரு பங்கு ஓட்டுக்கும் குறைவாக வாங்கி ஜெயித்தார், 1998இல் காலம் முடிந்ததும் இறங்கினார்.

கேள்வி: நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தளபதிகள் யாரும் இந்தப் பக்கம் வராதது பயத்தாலா, பண்பாலா?
— முன்னாள் சுபேதார், தென்காசி

பதில்: அண்ணாச்சி, பண்பு உண்டு, அதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பாடும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தலைமைத் தளபதியின் மாளிகையாக இருந்த தீன்மூர்த்தி பவனில் பிரதமர் நேரு குடியேறினார். 1955இல் முப்படைக்கும் ‘தலைமைத் தளபதி’ என்ற பட்டத்தையே எடுத்துவிட்டு, தரைப்படைக்கு ஒருவர், கடற்படைக்கு ஒருவர், விமானப்படைக்கு ஒருவர் என்று சமமாக வைத்தார்கள். 1959இல் தரைப்படைத் தளபதி திம்மய்யா பாதுகாப்பு அமைச்சரோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா கொடுத்தபோது, அதற்கு முந்தைய வருஷம்தான் பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்திருந்தார். டெல்லி எப்படி நடுங்கியிருக்கும்! திம்மய்யா நேருவின் பேச்சைக் கேட்டு ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார், 1961இல் ஓய்வு பெற்றார். நம் தமிழர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தளபதியாக இருந்த காலத்தில்தான் தமிழ்நாட்டிலும் இன்னும் பல மாநிலங்களிலும் காங்கிரஸ் தோற்றது. புது முதலமைச்சர்கள் பதவியேற்றபோது ராணுவம் என்ன நினைக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

இலங்கையில் 1962 ஜனவரியில் தோற்றுப்போன ராணுவ முயற்சி பற்றிக் கேட்ட களக்காடு வாசகருக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதற்கு முழுப் பக்கம் வேண்டும்.