பழைய ஹாலிவுட் படங்களில் குணச்சித்திர நடிகர் என்பவர் யார்?

கதாநாயகனாக அல்லாமல், கிழவர், மருத்துவர், மதுக்கடைக்காரர் என ஒரு குறிப்பிட்ட வகை மனிதராகப் பார்த்தவுடன் நம்பும்படி நடிப்பவரே குணச்சித்திர நடிகர். 1930களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு ஓயாமல் படம் எடுத்தன. பழகிய முகம் ஒன்று திரையில் தோன்றினால், அந்தப் பாத்திரம் எப்படிப்பட்டது என்று விளக்கத் தனிக் காட்சி தேவைப்படாது என்பதால், இவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மணமக்கள் மாறினாலும், பந்தியைக் கவனிக்கும் மாமா மாறுவதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

வால்டர் பிரென்னன் இதற்கு நல்ல சான்று. 1920களில் கூட்டக் காட்சிகளில் நிற்பவராகத் தொடங்கிய அவர், பின்னர் ஒரு விபத்தில் பற்களை இழந்தார். பல்செட்டைக் கழற்றினால் நாற்பது வயதிலேயே பொக்கைவாய்க் கிழவர், மாட்டினால் நடுவயதுக்காரர். இழப்புதான், ஆனால் தொழிலுக்கு அதுவே முதலாயிற்று என்பேன். 1936ஆம் ஆண்டுப் படங்களுக்காக முதன்முறையாக வழங்கப்பட்ட சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது அவருக்கே கிடைத்தது. 1938, 1940ஆம் ஆண்டுப் படங்களுக்காக மேலும் இரண்டு பெற்றார்.

நாயகனாக வாய்ப்புக் கிடைக்காதவர்களே இப்படி ஒதுங்கினார்கள் என்று பலர் எண்ணுவதுண்டு; ஆனால் இளமை போனதும் பல நாயகர்கள் வாய்ப்பிழந்த அந்தத் தொழிலில், 1894இல் பிறந்த பிரென்னன் 1950களின் இறுதியிலும் முக்கிய வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தார்.