மாயாவியை வரைந்த கைக்கு மாலை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. மதுரை செல்லூரில் குடியிருக்கிறேன். முப்பது வருடம் போர்டு எழுதிப் பிழைத்தவன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தொழில் போய்விட்டது. இப்போது ஒரு குடோனில் காவலுக்கு இருக்கிறேன். ஓவியப் பள்ளிப் பக்கம் போகாத எனக்கு, சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் பார்த்து அந்த இரும்புக் கையைத் திரும்பத் திரும்ப வரைந்துதான் கை வந்தது. போன மாதம் என் அக்கா மகன் செல்போனில் தேடி, அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர், 1995-லேயே இறந்துவிட்டார் என்று காட்டினான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் பிறந்த நவம்பர் மாதத்தில் அவர் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து, வாசலில் கட்டி, மாலை போட்டு, பழைய சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட ஆசைப்படுகிறேன். இருபதாயிரம் ரூபாய் ஆகும். "முகம் தெரியாத ஆளுக்குத் திதி கொடுக்கப் போறீங்களா?" என்கிறாள் மனைவி. "பழைய புத்தகத்துக்கு நல்ல விலை வருது, வித்துடலாம்" என்கிறான் மகன். நான் நினைப்பது பைத்தியக்காரத்தனமா? (பழைய ஆர்ட்டிஸ்ட், செல்லூர்)

பதில்: அன்புள்ள அண்ணனுக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லை. உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் ஐம்பது வருடம் கழித்துத் தெரியவந்திருக்கிறது. அதுவும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு. அன்றைக்குத் தூக்கம் வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

உங்களுக்கு இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது உங்கள் குறை இல்லை. மாயாவி கதை 1962 அக்டோபரில் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில், அதன் முதல் இதழிலேயே ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைகளில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடும் வழக்கம் கிடையாது. படக்கதைகளில் ஒழுங்காகப் பெயர் போடத் தொடங்கியதே 1977-க்குப் பிறகுதான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக மாயாவியைக் கொண்டுவந்தபோது உங்களுக்கு எட்டு வயது இருந்திருக்கும். மூலத்திலேயே இல்லாத பெயரை எட்டு வயதுப் பையன் எங்கே போய்த் தேடுவான்? நானும் அப்படித்தான். மீனாட்சி கோயில் எதிரே உள்ள புது மண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே, தையல் மெஷின் சத்தத்துக்குள் இருந்த பழைய புத்தகக் கடைகளில், அட்டை போன மாயாவிகளை வாங்கி வாங்கிப் படித்தேன். வரைந்தவர் என்று ஒரு மனிதர் இருப்பார் என்றே எனக்கு அப்போது தோன்றியதில்லை. மாயாவி நிஜம், அவர் அந்தப் பக்கங்களில் குடியிருக்கிறார், அவ்வளவுதான்.

அழகர்கோயில் வசந்த மண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். நாயக்கர் காலத்தில் ராமாயணத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், இதைத் தீட்டிய ஆள் எந்தத் தெருவில் இருந்திருப்பான் என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வரும். அவனைக் கண்டுபிடிக்க இனி வழியில்லை. உங்கள் ஆசானின் பெயர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அது பெரிய பாக்கியம்.

அவரைப் பற்றித் திடமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். விழாவில் நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தால் பயன்படும். பிறந்தது 1919-ல், பார்சலோனாவில். 1935-லேயே பத்திரிகையில் வரைய ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருடம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருக்கு வயது 16. போருக்குப் பிறகு, 1940-களில் அவர் வரைந்த 'குட்டோ' என்ற துணிச்சல்காரப் பையனின் கதைகள் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு உயிர். பிறகு, கூலி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஸ்பெயினின் ஓவியர்கள் பலர் ஏஜென்சிகள் மூலம் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு வரைந்தார்கள். இவரும் தம்பிமார் அலெஹாண்ட்ரோ, அட்ரியானோவோடு குடும்பத் தொழிலாக வரைந்தார். தபாலில் கதை வரும், தபாலில் படம் போகும். நம் ஊர்ப் பட்டறை போலத்தான், அண்ணே. அண்ணன் கோடு போட, தம்பி மை நிரப்ப, நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுக்கிற வீடு.

இனி படத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும், இருந்தாலும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டல் என்ற உதவியாளன், இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். கென் புல்மர் எழுதத் தொடங்க, டாம் டல்லி தொடர்ந்த கதை இது. கேட்க நன்றாக இருக்கிறது. வரைகிறவன் பாட்டை யோசித்துப் பாருங்கள். கதாநாயகனே கண்ணுக்குத் தெரியமாட்டான். முகம் இல்லை, கண் இல்லை, நடை இல்லை. கோபமோ பயமோ, அந்த ஐந்து இரும்பு விரல்களில்தான் காட்டியாக வேண்டும். விரலை இறுக்கினால் கோபம். கதவுப்பிடியைத் தொடும் முன் விரல் கொஞ்சம் விரிந்து நின்றால் தயக்கம். மற்றதெல்லாம் எதிரில் நிற்பவன் முகத்தில் தெரியும் திகில், தானாகத் திறக்கும் கதவு, சுவரில் விழும் நிழல். ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆளை நம்மை நம்பவைத்த ஓவியர் அவர்.

அந்த இரும்பு பளபளக்கும் விதம் இருக்கிறதே! அதில் நிறமே கிடையாது, வெறும் கறுப்பு மை. நீங்கள் நகைக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் எழுத்துக்குப் பளபளப்பு கொடுத்திருப்பீர்கள். சில்வர் பெயின்ட்டை அப்பினால் அது தகரமாகத்தான் தெரியும். ஆழமான கறுப்புக்கு ஒட்டி, கூர்மையாக ஒரு வெள்ளையை விட்டால்தான் உலோகம் மின்னும். மலிவான நியூஸ்பிரிண்டில், மை ஊறிக் கலங்கிய அச்சில்கூட அந்தக் கை மின்னியது என்றால், எங்கே வெள்ளையை விட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. செல்லூரில் உட்கார்ந்து ஒரு பையன் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டான் என்பதைவிட அந்த மனிதருக்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

சரி, விழாவுக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் பிரஷ்ஷைப் பிடுங்கிய சாமானிலேயே உங்கள் குருவின் முகத்தை அடித்துக் கட்டப் போகிறீர்களா? ஒரு மழைக்குத் தாங்காது, அப்புறம் யாராவது அவிழ்த்து மூட்டைக்கு மேலே போர்த்துவார்கள். ஒரு நல்ல தகரம் வாங்கி, ரெட் ஆக்சைடு அடித்து, காயவிட்டு, நீங்களே எழுதுங்கள். எத்தனை வருடமாயிற்று பிரஷ் எடுத்து? கை நடுங்கும். இரண்டு நாள் வெறும் கோடு போட்டுப் பழகுங்கள், வந்துவிடும். நடுவே அந்த இரும்புக் கை. கீழே உங்கள் கையெழுத்துப் பாணியில்: 'இரும்புக்கை மாயாவியை வரைந்தவர், ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சலோனா, 1919 – 1995.' அது இயேசுவின் பெயர்தான், ஸ்பெயினில் அதை ஹெசூஸ் என்று உச்சரிப்பார்கள். சிலர் ஜீசஸ் என்று எழுதுகிறார்கள், அதனால் குழப்பம் வேண்டாம். 2021-ல் இங்கிலாந்தில் அந்தக் கதைகளைத் தொகுத்து மறுபதிப்பு போட்டபோது அவர் பெயரையும் கதாசிரியர்கள் பெயரையும் போட்டார்கள். அங்கே நடந்தது இங்கே செல்லூரில் எனாமல் பெயின்ட்டிலும் நடக்கட்டும். இடம் மிஞ்சினால் சிறிய எழுத்தில் முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்தரபாண்டியன் பெயரையும், அதன் ஆசிரியராக இருந்த முல்லை தங்கராசன் பெயரையும் சேருங்கள். அவர்கள் இல்லாவிட்டால் பார்சலோனாக் கை மதுரைக்கு வந்திருக்காது.

இருபதாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டாம். காவல் வேலைச் சம்பளத்தில் அது எத்தனை மாதக் காசு என்று உங்கள் மனைவிக்குத் தெரியும், அவர் கோபம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட்களைக் கூப்பிடுங்கள். டீயும் வடையும் போதும். உங்கள் பழைய நோட்டில் வரைந்த படங்கள் ஏதாவது மிச்சம் இருந்தால் புத்தகத்தோடு பக்கத்தில் விரித்து வையுங்கள். கூட்டம் நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே சிறுவர் பகுதி இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் நீங்கள் ஒரு கையை வரைந்து காட்டினால் போதும்.

மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். "முகம் தெரியாத ஆள்" என்கிறார் அல்லவா? அந்த ஆள் கற்றுக்கொடுத்த வித்தையில்தான் முப்பது வருடம் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என்று, வாதமாகச் சொல்லாமல், போர்டு எழுதும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். உங்கள் சட்டையில் டர்பன்டைன் வாடை போகத் துவைத்தவர் அவர். உங்கள் தொழில் போனபோது உங்களோடு சேர்ந்து அவரும் எதையோ இழந்திருக்கிறார். நீங்கள் மறுபடி பிரஷ் எடுப்பதைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பார்க்க விடுங்கள்.

புத்தகங்களை இப்போது விற்க வேண்டாம். மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, பழைய முத்து காமிக்ஸுக்குச் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருகிறார்கள். இரண்டு பிரதி இருப்பதில் ஒன்றை விற்று வீட்டுச் செலவுக்குக் கொடுங்கள், அது அவனுக்கும் மரியாதை. ஆனால் நீங்கள் பார்த்து வரைந்து பழகிய புத்தகம், பென்சில் கறை பட்ட புத்தகம், அதை மட்டும் யார் கேட்டாலும் தராதீர்கள். பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. ஈரம் படாத அலமாரியில் வசம்பைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டிலோ அக்கா வீட்டிலோ எட்டு ஒன்பது வயதில் பிள்ளை இருந்தால், போர்டு எழுதும் நாளில் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவையுங்கள். தன் கையையே பார்த்து வரையச் சொல்லுங்கள். இடது கையை மேஜையில் வைத்து வரைவது சுலபம். மாயாவியுடையது வலது கை. பென்சில் பிடித்த கையைப் பார்த்து வரைய முடியாதே என்று பிள்ளை கேட்கும். அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும், முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.