கையா, கண்ணா? முதலில் அதைப் பாருங்கள்

கேள்வி: சேலம் பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மொத்தம் எட்டுப் பேர். அப்பா காலத்திலிருந்து இருக்கும் மூவரில் இருவர் 60-ஐத் தாண்டிவிட்டார்கள், ஒருவருக்கு 58. பற்றவைப்பில் வேகம் குறைந்துவிட்டது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் அவர்களுக்கும் வருமானம் குறைகிறது. இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. பெரியவர்களை வைத்தே நடத்த முடியுமா? புதிதாகவும் வயதானவர்களை எடுக்கலாமா?

பதில்: நடத்தலாம், எடுக்கவும் செய்யலாம். ஆனால் வேகம் குறைந்தது என்கிறீர்களே, குறைந்தது கையா கண்ணா என்று பார்த்தீர்களா? 40 வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை, வந்துவிடும். கண்ணி கண்ணியாகப் பற்றுப்பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைக்கிறவருக்கு அதைவிடப் பெரிய தடை வேறில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40-ஐத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைத்தவர்களின் பறிப்பு, கிடைக்காதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடியது. 50-ஐக் கடந்தவர்களிடம் 30 சதவீதத்துக்கும் மேல். கொழுந்து பறிக்கவே இப்படி என்றால், கொலுசின் பொடி அரும்புக்கும் சலங்கைக்கும் சொல்லவே வேண்டாம்.

மூவரையும் இந்த வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கும் கொலுசுக்கும் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து, சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடி பட்டறைக்கு ஒத்துவராமல், சட்டைப்பையிலேயே கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இருப்பவருக்கு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் விளக்கு. 60 வயதுக் கண்ணுக்கு 20 வயதுக் கண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். கூரையில் ஒரே ட்யூப்லைட் தொங்கினால் போதாது. ஒவ்வொருவர் முன்னாலும் கழுத்து வளையும் விளக்கு ஒன்று வையுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்வதை மாற்றி, சாய்வுள்ள நாற்காலியும் அதற்கேற்ற உயரத்தில் மேசையும் போடுங்கள். ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவின் டிங்கோல்ஃபிங் ஆலையில் 2007-ல் இதைத்தான் செய்தார்கள். ஒரு பிரிவில் வயது கூடியவர்களை அதிகமாகப் போட்டு, மரத்தளம், உருப்பெருக்கி, உட்கார்ந்து செய்ய நாற்காலி என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள். பெரும்பாலும் அந்தத் தொழிலாளர்களே சொன்ன யோசனைகள்தான். ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. உங்கள் மூவரையும் கூப்பிட்டு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அப்பா காலத்து ஆட்கள், உங்களிடம் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

புகையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பற்றுப்பொடியில் காட்மியம் இருந்தால், அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடம்பில் சேர்ந்தால் பல பத்தாண்டுகள் போகாது. முப்பது நாற்பது வருடம் ஊதியவர்களிடம் ஏற்கெனவே எவ்வளவு சேர்ந்திருக்குமோ! காட்மியம் இல்லாத பொடிக்கு மாறுங்கள். புகையை வெளியே இழுக்கும் விசிறி போடுங்கள். விலை கூடும்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனி வேலையைப் பிரிப்பது. பற்றவைப்பு முழுவதையும் ஒருவர் தலையில் வைக்காமல், நெருப்பு வேலையை நாளுக்குச் சில மணி நேரமாகக் குறையுங்கள். மீதி நேரத்தில் சலங்கை கோர்ப்பது, கொக்கி போடுவது, விட்டுப்போன பற்றைக் கண்டுபிடிப்பது, புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது. இவற்றுக்குக் கிலோ கணக்கு சரிவராது, நாள் கூலியோ அரைநாள் கூலியோ பேசுங்கள். அதை வயதானவருக்குச் செய்யும் தயவாக நினைத்துக் குறைக்காதீர்கள். கடைக்காரர் திருப்பி அனுப்பும் கொலுசு எத்தனை என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள், அவர்களின் கண் பார்த்துப் பிடித்த பழுதுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும்.

புதிதாக எடுப்பது பற்றி. ஜப்பானின் நகட்சுகவா ஊரில் காட்டோ என்ற உலோகத் தகட்டு ஆலை, விடுமுறை நாட்களிலும் இயந்திரத்தை ஓட்ட ஆள் வேண்டும் என்று 2001-ல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் கேட்டு விளம்பரம் கொடுத்தது. வார நாட்களில் இளையவர்கள், விடுமுறையில் பெரியவர்கள். உங்களுக்கும் முகூர்த்த மாதங்களில்தானே ஆர்டர் குவியும்? வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பழைய கொலுசுத் தொழிலாளர்கள் செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் இருப்பார்கள். முழுநாள் வேண்டாம், காலை நான்கு மணி நேரம் போதும் என்று கேட்டுப் பாருங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் தோட்டங்கள் கூடுதல் ஆள் சேர்ப்பது போலத்தான் இதுவும்.

கடைசியாக, அந்த 58 வயதுக்காரர். அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய 60 வயதுவரைதான் இடம். பதிவு இருந்தால்தான் 60-க்குப் பிறகு வாரிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். மற்ற இருவரிடமும் பழைய வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 58 வயதுக்காரருக்குப் பதிவு இல்லையென்றால் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்துடன் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.