நடுங்கும் கை

அன்புள்ள ஐயா,

வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். அப்பா லுங்கி நெய்கிறார். போன வாரம் வார்டில் ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் ஊசிக்குழாய்) போடும்போது கை நடுங்கிவிட்டது. சிஸ்டர் எல்லார் முன்னிலும், “உனக்கெல்லாம் எதற்கு இந்தப் படிப்பு?” என்றார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. வார்டு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள மாணவிக்கு,

கட்டிலருகே மாணவியைத் திட்டினால் மாணவி மட்டுமா பயப்படுவாள்? கையை நீட்டியபடி படுத்திருக்கும் பாட்டியும்தான். பிழையைச் சொல்லத்தான் வேண்டும், உயிர் விஷயம். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் தன்னம்பிக்கை முதலில் வரும், கை பிறகு நிலைக்கும் என்று நீங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, பிறர் செய்யப் பார்த்தது, பிறர் சொல், நம் உடம்பின் படபடப்பு. முதலாவதற்குத்தான் வலு அதிகம். நீங்களோ கடைசி இரண்டை மட்டும் சாட்சிக்கு அழைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

என் அம்மா ஒருமுறை மருத்துவமனையில் இருந்தார். முதியவர்களின் நரம்பு நழுவி ஓடும், உங்களுக்குத் தெரியும். ஒரு மாணவி கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்துக் குத்தினாள். கிடைக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை. பட்டையை அவிழ்த்தாள், குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, “அம்மா, மறுபடி நான் குத்தவில்லை. சீனியர் அக்காவைக் கூட்டிவருகிறேன்” என்றாள். பயம் முகத்தில் அப்படியே இருந்தது. பஞ்சை மட்டும் மறக்கவில்லை. மறுநாள் அம்மா தேடியது அவளைத்தான்.

வேலூரில் செவிலியர் பயிற்சி 1909இல் தொடங்கியது; நடுங்கும் கைகள் இந்த ஊருக்குப் புதிதல்ல. அறுந்த இழையை முடிய விரல் பழக எத்தனை நாள் ஆயிற்று என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் இருக்கும் பொம்மைக் கையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்குங்கள். நடந்ததை நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் சொல்லுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பாட்டி இன்னும் வார்டில் இருந்தால், குத்திய இடம் வீங்கியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.