சான்று இல்லாத பதக்கம் கணக்கில் ஏறாது: பல்கலைக்கழக ஆண்டறிக்கை பற்றிய கேள்வி பதில்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துறைகளிலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் படிப்பவர்கள், பணிபுரிபவர்கள், பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் ஆகியோர் கேட்டவை இவை. ஆண்டு முன்னேற்ற அறிக்கையும் மாணவர் சாதனைப் பட்டியலும் எப்படித் தயாராகின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதுதான் பேச்சு. கேட்டவரின் ஊரும் வேலையும் மட்டும் குறித்திருக்கிறோம்.

நாகமலைப் புதுக்கோட்டை, முதுகலை மாணவி: ஐயா, ஆண்டறிக்கையும் நாக் அறிக்கையும் ஒண்ணுதானா?

இல்லையம்மா, வேறு வேறு. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. அந்தச் சட்டப்படி, சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு ஆண்டறிக்கையைத் தயாரித்து, செனட் என்கிற பேரவையின் முன் வைக்க வேண்டும். அது பல்கலைக்கழகம் தன் சொந்தச் சபைக்குச் சொல்லும் கணக்கு.

நாக் என்பது கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு. அது கேட்பது ஆண்டுத் தர உறுதி அறிக்கை. அலுவலகங்களில் ஏ.க்யூ.ஏ.ஆர். என்பார்கள். வழக்கமாக டிசம்பர் 31-க்குள் முந்தைய கல்வியாண்டுக்கானதை ஏற்ற வேண்டும். மூன்றாவது, தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவு. நான்காவது, உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பு. நான்குக்கும் ஒரே துறை அலுவலகம்தான் எண்களைக் கொடுக்கிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

உசிலம்பட்டி, உதவிப் பேராசிரியர்: சார், எங்க துறையோட எண்ணிக்கை ஒவ்வொரு அறிக்கையிலயும் ஒவ்வொரு மாதிரி வருது. யாரும் பொய் சொல்லல. ஆனா விளக்கம் கேட்டு ஓலை வந்துருச்சு.

நாட்காட்டிதான் காரணம். ஏ.க்யூ.ஏ.ஆர். கல்வியாண்டைக் கேட்கிறது, ஜூனில் தொடங்கி மே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவரிசைக்கு ஆய்வுக் கட்டுரைகளை ஜனவரி முதல் டிசம்பர் வரையும், ஆய்வுத்திட்ட நிதியை ஏப்ரல் முதல் மார்ச் வரையும் எண்ண வேண்டும். 2023 அக்டோபரில் வந்த கட்டுரையும் 2024 மார்ச்சில் வந்த கட்டுரையும் நாக் கணக்கில் ஒரே 2023-24. தரவரிசைக் கணக்கிலோ ஒன்று 2023, மற்றது 2024.

இதற்கு ஒரே மருந்து, பதிவேட்டில் 'ஆண்டு' என்ற பத்தியே இல்லாமல் செய்வது. 'தேதி' என்ற பத்தி மட்டும் இருக்கட்டும். எக்ஸெல்லில் ஒரே தாள். மாணவர் பெயர், பதிவெண், துறை, நிகழ்வு, நடத்திய அமைப்பு, எந்த நிலை, என்ன பரிசு, நடந்த தேதி, சான்றுக் கோப்பின் எண் என்று ஒன்பது பத்திகள் போதும். எந்த அறிக்கை கேட்டாலும் தேதியை வடிகட்டினால் அதற்குரிய எண் வந்துவிடும். 2023-24 என்று மட்டும் எழுதிவைத்த பதிவேட்டை மூன்று ஆண்டுகள் கழித்து யாராலும் பிரிக்க முடியாது. எழுதியவரே மாறுதலாகிப் போயிருப்பார்.

ஓலைக்குப் பதில் எழுதும்போது, எந்த எண் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு சிறு அட்டவணை போட்டு இணையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

திருமங்கலம், உடற்கல்வி இயக்குநர்: எங்க கபடி அணி பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில முதல் பரிசு. பன்னிரண்டு பேர். பன்னிரண்டு சாதனைன்னு போடலாமா?

ஒன்று. அணிக்குக் கிடைத்த பரிசை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று நாக்கின் 5.3.1 என்ற அளவுகோலிலேயே எழுதியிருக்கிறது. பன்னிரண்டு என்று போட்டு அனுப்பினால், தரவுச் சரிபார்ப்பில் அதை ஒன்றாகக் குறைப்பார்கள். மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இணைப்புக் கல்லூரிக்கான படிவத்தில் 'பல்கலைக்கழக நிலை' என்பது ஏற்கத்தக்கது. பல்கலைக்கழகத்துக்கான படிவத்தில் 'பல்கலைக்கழகங்களுக்கு இடையே' என்பதிலிருந்துதான் தொடக்கம். ஆகவே உங்கள் கபடிக் கோப்பை கல்லூரியின் கணக்கில் ஏறும், பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏறாது. அதே பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டியில் பதக்கம் வாங்கினால், அப்போது பல்கலைக்கழகமும் எண்ணலாம். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் எந்தப் படிவத்திலும் சாதனை ஆகாது.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பன்னிரண்டு பெயரையும் உங்கள் ஆண்டுமலரில் அச்சிடுங்கள். நாக் கணக்கு வேறு, பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை வேறு.

மேலூர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்: ஏழு நாள் சிறப்பு முகாம் முடிச்சோம். படமெல்லாம் இருக்கு. 'இடம் தெரியல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருப்பார்கள். அப்படி அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடத்தகவலும் நேரத்தகவலும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் தங்கும். அதைவிட நல்லது, தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைப் படத்தின் மேலேயே அச்சிடும் கேமரா செயலியில் எடுப்பது. முகாம் தொடங்கும் முன்பே போனில் லொக்கேஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். கிராமத்துக்குப் போன பிறகு சிக்னல் இல்லாமல், பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

படம் மட்டும் போதாது. ஊராட்சித் தலைவரின் கடிதம், பங்கேற்ற மாணவர்களின் கையெழுத்துப் பட்டியல், நாள்வாரி நிகழ்ச்சிநிரல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். கடிதம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து, முதல்வர் கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். தமிழ்ச் சான்றிதழ்கள் தள்ளப்படுவது மொழியால் அல்ல, இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

மதுரை, வேலைவாய்ப்புப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்: வேலைவாய்ப்பு விழுக்காட்டை எதை வைத்து வகுப்பது?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் நம்பிச் சேர்ப்பது இந்த எண்ணை வைத்துத்தான்.

இறுதியாண்டில் 120 பேர் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் மேற்படிப்புக்குப் போனார்கள். 36 பேருக்கு வேலை. வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்கள் 45 பேர். 36-ஐ 45-ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்து 90-ஆல் வகுத்தால் 40. மொத்தம் 120-ஆல் வகுத்தால் 30. மூன்றும் கணிதப்படி சரிதான். பதாகையில் 80 என்று மட்டும் போடுவது நேர்மையில்லை. எண்ணோடு 'எத்தனை பேரில்' என்பதையும் எழுதுங்கள். தரவரிசைப் படிவம் விழுக்காட்டைக் கேட்பதே இல்லை. தேர்ச்சி பெற்றவர், வேலை பெற்றவர், மேற்படிப்புக்குச் சென்றவர் என்று தனித்தனித் தலையெண்ணிக்கையைத்தான் கேட்கிறது.

அடுத்தது சம்பளம். அங்கே கேட்பது சராசரி அல்ல, இடைநிலை. ஐந்து பேரின் ஆண்டுச் சம்பளம் 1.8, 2.0, 2.2, 2.4, 9 லட்சம் என்றால் சராசரி 3.48 லட்சம். வரிசையில் நடுவில் நிற்கும் 2.2 லட்சம்தான் இடைநிலை. உங்கள் வகுப்பில் சாதாரணமாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்வது இந்த 2.2 தான்.

ஒரே மாணவிக்கு மூன்று ஆஃபர் லெட்டர் வந்தாலும் அவர் ஒருவர். லெட்டரில் பெயர், தேதி, சம்பளம் மூன்றும் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த வாழ்த்துச் செய்தியை ஆஃபர் லெட்டர் என்று வைக்காதீர்கள்.

வாடிப்பட்டி, கல்லூரி அலுவலக உதவியாளர்: முதல் பட்டதாரிச் சலுகையும் வேறொரு அரசு உதவித்தொகையும் வாங்குற மாணவரை ரெண்டு தடவை எழுதலாமா?

தொகையை இரண்டு இடத்தில் எழுதலாம். 'பயன்பெற்ற மாணவர்' எண்ணிக்கையில் ஒரு முறைதான். பதிவெண் பத்தியில் இரட்டைப் பதிவை நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

சோழவந்தான், இளங்கலை இறுதியாண்டு மாணவர்: டி.என்.பி.எஸ்.சி. பாஸ் பண்ணா அது கல்லூரிச் சாதனையா, சார்?

ஆமாம் தம்பி. நெட், செட், கேட் போன்ற தகுதித் தேர்வுகள், குடிமைப்பணித் தேர்வுகளோடு மாநில அரசுத் தேர்வுகளும் நாக் கணக்கில் உண்டு. எழுதினால் போதாது, தகுதி பெற்றிருக்க வேண்டும். தேர்வுப் பதிவெண் தெரியும்படியான மதிப்பெண் தாள் அல்லது தேர்வானவர் பட்டியலின் நகலைத் துறையில் கொடுங்கள். படிப்பை முடித்துப் போன பிறகு தேர்ச்சி பெறுபவர்கள் யாரும் துறைக்குச் சொல்வதில்லை. ஒரு போன் செய்தால் போதும், உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் அது தெம்பு.

பல்கலை நகர், ஆய்வு மாணவி: என் கட்டுரை வந்துருச்சு, ஆனா பல்கலைக்கழகக் கணக்குல காட்டல.

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலாவது நிறுவனப் பெயர். ஒருவர் முழுப்பெயர் எழுதுகிறார், ஒருவர் எம்.கே.யூ. என்கிறார், ஒருவர் காமராசர் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றை விட்டுவிடுகிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளம் இவற்றை வேறு வேறு நிறுவனமாகப் பிரித்துவைக்க வாய்ப்புண்டு. துறை, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர், மதுரை, அஞ்சல் எண் என்று எல்லோரும் ஒரே வரியை எழுத வேண்டும். அந்த வரியைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பது நல்லது.

இரண்டாவது உங்கள் பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து முன்னால் வரும், ஆங்கில இதழ்கள் குடும்பப்பெயர் கேட்கும். ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து, அடுத்ததில் அப்பா பெயர் முழுதாக, மூன்றாவதில் பெயரும் தலைப்பெழுத்தும் இடம்மாறி. மூன்று கட்டுரையும் மூன்று ஆளுக்குப் போய்விடும். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான 16 இலக்க ஆர்க்கிட் எண் எடுத்து, எல்லாக் கட்டுரையிலும் அதைக் கொடுங்கள். ஏற்கெனவே பிரிந்தவற்றை ஒன்றுசேர்க்க ஸ்கோபஸில் விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை.

அவரே: முனைவர் பட்டத்தை எந்த ஆண்டுல சேர்ப்பாங்க?

ஆய்வேடு சமர்ப்பித்த தேதியும் அல்ல, பட்டமளிப்பு விழாத் தேதியும் அல்ல. பொதுவாக, வாய்மொழித் தேர்வுக்குப் பின் பட்டம் வழங்கப்பட்டதாக அறிவிப்பு வெளியாகும் தேதிதான் கணக்கு.

மேலூர், ஒரு தாயார்: மகளைச் சேர்க்கப் போறோம். 'ஏ ப்ளஸ் ப்ளஸ்'னு போட்டிருக்கு. அதை நம்பலாங்களா?

நம்பலாம்மா, ஆனால் அது யாருக்குக் கொடுத்தது என்று பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2021-இல் நாக்கின் ஏ++ தரம் பெற்றது. 4-க்கு 3.51-உம் அதற்கு மேலும் வாங்கினால்தான் அந்தத் தரம். ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கு உரியது. அதோடு இணைந்த கல்லூரி ஒவ்வொன்றும் தனியாக மதிப்பீடு பெற வேண்டும். கல்லூரிப் பலகையில் இருக்கும் தரம் அந்தக் கல்லூரியுடையதுதானா, எந்த ஆண்டு வாங்கியது என்று கேளுங்கள். பொதுவாக ஐந்தாண்டுகளே செல்லும்.

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். மகள் சேரும் துறையில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை? கடைசித் தேர்வு முடிந்து எத்தனை நாளில் ரிசல்ட் வருகிறது? ஏப்ரல் 30-இல் தேர்வு முடிந்து ஜூன் 4-இல் முடிவு வந்தால் 35 நாள். இது இழுத்தால் மேற்படிப்புச் சேர்க்கை கைநழுவும். மூன்றாவது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள்? 52 பேர் சேர்ந்து, 46 பேர் தேர்வெழுதி, 39 பேர் தேறினால், கல்லூரி 84.8 விழுக்காடு என்று சொல்லும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 75. நடுவில் விட்டுப்போன அந்த ஆறு பேர் ஏன் போனார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மதுரை, முன்னாள் மாணவர்: இந்த அறிக்கைகளை வெளியாள் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் இணையதளத்தில், உள்தர உறுதி மையத்தின் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், பதிவாளர் அலுவலகம் என்று முகவரியிடுங்கள். 'பல்கலைக்கழகத்தின் முன்னேற்றம் பற்றிய விவரம்' என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். 'இன்ன கல்வியாண்டுக்கு, பேரவை முன் வைத்த ஆண்டறிக்கையின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

உசிலம்பட்டி, முதுகலை மாணவர்: போன வருசம் நான் மாநில அளவுல தங்கம் வாங்குனேன். அறிக்கையில பேர் விட்டுப்போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

அனுப்பி முடித்த ஆண்டறிக்கைக்குள் இனி புகுத்துவது கடினம். ஆனால் நாக் மறுமதிப்பீட்டுக்கு முன் எழுதும் தன்மதிப்பீட்டு அறிக்கை ஐந்தாண்டுத் தரவைக் கேட்கும். உங்கள் பதக்கம் அதற்குள் விழுந்தால் அங்கே சேர்க்கலாம். ஆண்டறிக்கையில் ஏன் விடுபட்டது என்று துறைத்தலைவரின் கடிதம் ஒன்று கூடவே போக வேண்டும். எண் ஏன் மாறியது என்று கட்டாயம் கேட்பார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: மூலச் சான்றிதழை வண்ணத்தில், இரு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். போட்டியை நடத்திய அமைப்பின் பெயர், தேதி, 'மாநில அளவு' என்ற சொல் மூன்றும் தெளிவாகத் தெரிகின்றனவா பாருங்கள். தெரியாவிட்டால் நடத்தியவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். போட்டி நடந்த நாளில் நீங்கள் இங்கே மாணவர் என்பதற்கு அடையாள அட்டை நகலை இணைத்து, துறையிலும் உடற்கல்வித் துறையிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.