நீலகிரிக் குளிர்: வீட்டைச் சூடாக்க வேண்டாம், படுக்கையைச் சூடாக்குங்கள்

ராத்திரி இரும்புச் சட்டியில் கரி போட்டு, கனிந்ததும் படுக்கையறையில் வைத்துக்கொள்கிறோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா? (கோத்தகிரி வாசகி)

போதாது, அம்மா. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். புகை அடங்கி, கங்கு சிவப்பாக ஜொலிக்கும்போது "இனி பயமில்லை" என்று சட்டியை உள்ளே தூக்கி வருகிறோம். அப்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று தெரியவரும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே நினைவிழந்துவிடுவார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிப் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. சாயங்காலம் வாசலில் சட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுங்கள். படுக்கப் போகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, சட்டியை வெளியிலேயே விடுங்கள். கரி வைத்த அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து, அவரை வெளியே தூக்கி வந்து 108க்குக் கூப்பிடுங்கள்.

ஹீட்டர் வாங்கலாமா? கரண்ட் பில்லுக்குப் பயமாக இருக்கிறது. (ஊட்டி)

2000 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். 8 மணி நேரத்துக்கு 16. இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் ஏழு ராத்திரிகூடத் தாங்காது. 100 வாட் மின்போர்வையோ 10 மணி நேரத்துக்கு 1 யூனிட்தான் இழுக்கும். படுப்பதற்கு அரைமணி முன் போட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம்.

அதைவிட மலிவு, ரப்பர் வெந்நீர்ப் பை. தளதளவெனக் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். முக்கால் பை நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தால் படுக்கும்போது மெத்தை இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் படுக்குமுன் பையை எடுத்துவிட வேண்டும். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

தகரக் கூரை. மழையே இல்லை, விடியற்காலையில் முகத்தில் சொட்டுகிறது. (குந்தா)

கூரை ஒழுகவில்லை. உங்கள் மூச்சும் சமையல் ஆவியும் சில்லிட்ட தகரத்தில் பட்டு நீராகின்றன. மேகமில்லாத ராத்திரியில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உறைபனி விழுவதும் அந்த ராத்திரிகளில்தான். சமைக்கும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்கள். கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுப் பிளைவுட் அடித்தால் குளிரும் குறையும். தெர்மாகோல் வேண்டாம், சீக்கிரம் தீப்பிடிக்கும். பகல் 10 மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வெயிலை விடுங்கள். 4 மணிக்கு முன்பே சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள், குளிர் புகாமலிருக்கத் தங்கள் பழைய குடிசைகளுக்குத் தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல் வைத்தார்கள். உங்கள் கதவின் அடி இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்கு எத்தனை போர்வை? (குன்னூர்)

ஒன்றும் வேண்டாம். தளர்ந்த போர்வை முகத்தை மூடிவிடும். உங்களைவிட ஓர் அடுக்கு உடை கூடுதலாகப் போடுங்கள். கை சில்லிட்டிருந்தால் பதறாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு இருந்தால் போதும், வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.